தனி ஆளாக ஒரு போர்: செங்கம் கணவாயை மேசைக்குக் கொண்டு வருவது எப்படி?

வார்கேம்னு சொன்னா நம்ம காலேஜ்ல முக்கால்வாசிப் பேருக்கு மொபைல் கேம்தான் ஞாபகம் வரும். இது அது இல்ல. மேசை மேல மலை, ஆறு, ஊர்னு ஒரு நிலத்தைச் செஞ்சு, அதில் வீரர்களை நிறுத்தி, அளவுகோல் வெச்சு நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டையைத் தீர்மானிக்கிற விளையாட்டு. 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி இதற்கான விதிகளை வெளியிட்டார். அது அதிகாரிகளுக்கான பயிற்சி. 1913-ல் எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகம் போட்டு, பொம்மை வீரர்களை வெச்சு வீட்டுத் தரையிலேயே யாரும் ஆடலாம்னு காட்டினார். ரைஸ்விட்ஸ் முறையில் இரண்டு பக்கமும் ஆள் இருப்பாங்க, நடுவில் ஒரு நடுவரும் இருப்பார். யாருக்கு எது தெரியும், எது தெரியாதுன்னு முடிவு பண்றது அந்த நடுவர்தான்.

நம்ம ஹாஸ்டல்ல நடுவரும் கிடையாது, எதிராளியும் கிடையாது. ரூம்மேட்டைக் கூப்பிட்டா பத்து நிமிஷம் உட்காருவான், அப்புறம் போன் எடுத்துடுவான். அதனாலதான் தனியா ஆடறதுன்னு ஒரு கிளையே வளர்ந்தது. டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் 1973-லயே இதுக்குன்னு தனிப் புத்தகம் எழுதிட்டார்.

தனியா ஆடறதுல ஒரு அடிப்படைச் சிக்கல் இருக்கு. நீங்களே கொஸ்டின் பேப்பர் செட் பண்ணி நீங்களே எக்ஸாம் எழுதற மாதிரி. எதிரி எங்க ஒளிஞ்சிருக்கான்னு உங்களுக்குத் தெரியும், ஏன்னா ஒளிச்சு வெச்சதே நீங்கதான். 'நான் நியாயமா ஆடுவேன்'னு சத்தியம் பண்ணிக்கிட்டாலும் பிரயோஜனமில்ல. மனசு ஏதாவது ஒரு பக்கம் சாயும். ஆட்டம் சூடு பிடிச்சதுக்கு அப்புறம் இதைச் சரி பண்ணவும் முடியாது. முதல் பகடை உருள்றதுக்கு முன்னாடி, மேசையை அமைக்கும்போதே பண்ணி முடிச்சிடணும். சில முடிவுகளை உங்க கையிலிருந்தே பிடுங்கி, சீட்டுக்கட்டுகிட்டயும் பகடைகிட்டயும் முன்கூட்டியே ஒப்படைக்கணும். எதையெல்லாம் ஒப்படைக்கிறது, எதை நீங்க வெச்சுக்கறதுங்கிறதுதான் இந்தப் பாடம்.

எடுத்துக்காட்டுக்கு வாட்டர்லூ வரைக்கும் போக வேண்டாம். ஜவ்வாது மலையின் தெற்கு அடிவாரம் போதும்.

கல்லிலேயே எழுதின சினாரியோ

ஜவ்வாது மலைன்னா நிறைய பேருக்கு காவலூர் தொலைநோக்கியும் பீமன் அருவியும்தான். அந்த மலையில் பிறக்கிற செய்யாறு கீழே இறங்கிச் செங்கம் பக்கமாக ஓடுகிறது. செங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. பெரும்பாலான கல்வெட்டுகள் வட்டெழுத்தில் உள்ளவை. பலவற்றின் விஷயம் ஒன்றுதான்: மாடு பிடிக்க வந்தார்கள், மீட்கப் போனவன் செத்தான். மாட்டு மந்தைக்கு அந்தக் கல்வெட்டுகளில் வரும் சொல் 'தொறு'. இந்தக் கற்களில் பல இன்றைக்கும் அந்தப் பக்கம் வேடியப்பன் என்ற பெயரில் சாமியாகக் கும்பிடப்படுகின்றன.

அதில் எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்குங்க. மகேந்திரவர்மனின் 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற இளைஞன் தன் எருமைகளுக்காகச் சண்டை போட்டு இறந்தான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளர்களைக் கடித்து, அங்கேயே காத்து நின்றதாம். அதையும் கல்லில் எழுதி, நாயையும் பக்கத்திலேயே செதுக்கி வெச்சிருக்காங்க. 1,400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரியுதுங்கிறதே எனக்கு ஆச்சரியம்தான்.

வார்கேம் ஆடறவன் கண்ணுல பார்த்தா இந்தக் கல் ஒரு சினாரியோ கார்டு. எந்த வருஷம், யாருடைய ஆள், எதுக்காகச் சண்டை, கடைசியில் என்ன ஆச்சு, எல்லாம் இருக்கு. எத்தனை பேர் வந்தாங்க, எந்த வழியா வந்தாங்க, பகலா இரவாங்கிறது இல்ல. முதல் வகையை அப்படியே எடுத்துக்கணும், இரண்டாவது வகையை நாம நிரப்பணும். எந்தச் சரித்திரச் சண்டையை எடுத்தாலும் இப்படி ஒரு பேப்பரை இரண்டா மடிச்சு, தெரிஞ்சது ஒரு பக்கம், நாம சேர்க்கிறது இன்னொரு பக்கம்னு எழுதிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

முதல் ஆட்டத்துக்கு மாடு பிடிச் சண்டையைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. புதுசா ஆடறவங்க இரண்டு பக்கமும் சமமான படையை நிறுத்தி, நடுவுல மோதவிட்டு, கடைசி ஆள் வரைக்கும் வெட்டிக்குவாங்க. தனியா ஆடும்போது அதைவிடப் போர் எதுவும் கிடையாது (எந்தப் போர்னு எடுத்துக்கிட்டாலும் சரி). இரண்டு பக்கத்துக்கும் ஒரே நோக்கம்னா எதிரிக்கும் உங்களுக்கும் ஒரே யோசனைதான் வரும். ஆடு புலி ஆட்டத்தை நினைச்சுப் பாருங்க. புலி மூணு, ஆடு பதினஞ்சு. புலி ஆட்டை வெட்டணும், ஆடு புலியை நகர விடாம அடைக்கணும். எண்ணிக்கையும் வேற, வேலையும் வேற, ஆனா ஆட்டம் நியாயமானது. மாடு பிடிச் சண்டையும் அதே ரகம். ஒருத்தனுக்கு ஓட்டிக்கிட்டுப் போகணும், இன்னொருத்தனுக்குத் தடுக்கணும். யாருக்கும் யாரையும் கொல்லணும்னு கட்டாயமில்ல.

தொல்காப்பியம் ஒரு செக்லிஸ்ட்

ஸ்கூல்ல நான் தமிழை இரண்டாவது பாடமா எடுத்தவன். வெட்சித் திணைன்னா ரெண்டு மார்க் கேள்வியோட முடிஞ்சது. இந்த ஆட்டத்துக்காகத்தான் திரும்ப எடுத்துப் படிச்சேன். வெட்சிக்குத் தொல்காப்பியர் பதினான்கு துறை சொல்றார். வரிசையா பார்த்தா அது ஒரு ரெய்டோட முழுத் திட்டம். படை கிளம்பற சத்தம், போற வழியில் ஊர்ப்பக்கம் நின்னு நல்ல சொல் காதுல விழுதான்னு கேக்கிறது, யாருக்கும் தெரியாம போறது, ஒற்றர் வெச்சு வேவு பார்க்கிறது, வளைச்சுத் தாக்கறது, மாட்டைக் கைப்பற்றறது, துரத்தி வர்றவங்களைத் தடுக்கறது, மாட்டுக்கு நோகாம ஓட்டிட்டு வர்றது, ஊர் வந்து சேர்றது, பங்கு போடறது, சாப்பாடு, கொடை.

இதுல ரெண்டு துறை எனக்கு நேரா விதியா மாறினது. ஒண்ணு, நல்ல சொல் கேக்கிறது. இதுக்கு விரிச்சின்னு பேர். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு பகடை: 1 விழுந்தா கெட்ட சகுனம், உங்க ஆட்கள் முதல் சுற்றில் நகர மாட்டாங்க. 6 விழுந்தா ஒரே ஒரு தடவை, எந்தப் பகடையை வேணும்னாலும் திரும்ப உருட்டலாம். இன்னொண்ணு, மாட்டுக்கு நோகாம ஓட்டறது. இதுதான் ஆட்டத்தோட உயிர். அதுக்கு முன்னாடி மேசையை அமைச்சுடலாம்.

மேசை

90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் போதும். ஸ்டடி டேபிள் பத்தலைன்னா கட்டில் மேல டிராயிங் போர்டை வெச்சுக்கலாம். இடது ஓரம் ஜவ்வாது மலை: நாலஞ்சு தடிப் புத்தகங்களை அடுக்கி, மேல பச்சைப் போர்வையை விரிச்சுடுங்க. செமஸ்டர் புக் இதுக்காவது உதவட்டும். வலது ஓரம் ஊர்: நாலு தீப்பெட்டி. ஊரிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டுப்பட்டி. ஆக, பட்டியிலிருந்து மலை ஓரம் 60 செ.மீ. நடுவுல குறுக்கே ஓர் ஓடை, நீல நூல். கள்ளர்கள் மலைப்பக்கம் ஓடறாங்கங்கிறது நான் சேர்த்தது, கல்வெட்டில் இல்ல. மடிச்ச பேப்பரோட இரண்டாவது பக்கம்னு சொன்னேனே, அது இதுதான்.

மாட்டுக்குப் புளியங்கொட்டை, 12. நாலு நாலா மூணு மந்தை. வெட்சியார் 12 பேர், ஊரார் அதிகபட்சம் 10 பேர். ஆளுக்குச் சட்டைப் பட்டன் போதும், ரெண்டு கலர்ல. மினியேச்சர் பொம்மை வாங்கணும், பெயின்ட் அடிக்கணும்னு யூடியூப் சொல்லும். அதெல்லாம் வேலைக்குப் போன பிறகு பார்த்துக்கலாம்.

ஆள் ஒரு சுற்றுக்கு 12 செ.மீ. நடப்பான். மாடு 6 செ.மீ. விரட்டினா 10 செ.மீ. ஓடும், ஆனா விரட்டற ஒவ்வொரு சுற்றுக்கும் மந்தைக்கு ஒரு பகடை: 1 அல்லது 2 விழுந்தா ஒரு மாடு பிரிஞ்சு ஓடிடும். பட்டியிலிருந்து மலை வரைக்கும் விரட்டிக்கிட்டே போனா 6 சுற்று. சுற்றுக்கு மூணில் ஒரு பங்கு வாய்ப்புன்னா சராசரியா நாலு மாட்டில் ரெண்டு போயிடும். ஒண்ணுகூட போகாம வந்து சேர்ற வாய்ப்பு 9 சதவீதம்கூட இல்ல. அதனால நோகாம ஓட்டினாத்தான் லாபம். ஆனா நோகாம ஓட்டினா 10 சுற்று ஆகும்.

அடுத்து, ஊருக்கு எப்போ தெரியும்? ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு பகடை. விழுந்த எண் அந்தச் சுற்றின் எண்ணுக்குச் சமமாவோ குறைவாவோ இருந்தா கூச்சல் கிளம்பிடுச்சு. முதல் சுற்றில் 1, ரெண்டாவதில் 1 அல்லது 2, இப்படி. ரெண்டாவது சுற்றுக்குள்ள தெரியறதுக்கு 44 சதவீதம், மூணாவதுக்குள்ள 72 சதவீதம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. ஊரார் 90 செ.மீ. ஓடி வரணும், சுற்றுக்கு 12. ரெண்டாவது சுற்றில் கூச்சல் கிளம்பினா மீதி 8 சுற்று, 96 செ.மீ., மலை ஓரத்திலேயே பிடிச்சுடுவாங்க. மூணாவதில் கிளம்பினா மீதி 7 சுற்று, 84 செ.மீ., ஆறு செ.மீ. வித்தியாசத்துல தப்பிச்சிடலாம். இப்ப ஓடைக்கு ஒரு விதி போடுங்க: மாடு தண்ணியில இறங்கினா ஒரு சுற்று நின்னுதான் போகும், ஊராருக்கு எங்க ஆழம் இல்லைன்னு தெரியும், அவங்க நிக்க மாட்டாங்க. உடனே மூணாவது சுற்றில் கூச்சல் கிளம்பினாலும் பிடிச்சுடலாம்னு ஆயிடுது. ஒரு நீல நூல் 44 சதவீதத்தை 72 ஆக்கிடுச்சு. ஒரு வீரனையும் கூட்டல, குறைக்கல. நிலம்தான் படைங்கிறது இப்படித்தான் புரியும். எந்தச் சண்டையை அமைச்சாலும் இந்தத் தூரம், வேகம், நேரம் கணக்கைப் போட்டுப் பார்க்காம பகடையைத் தொடாதீங்க. ரொம்பத் தள்ளி நிறுத்தினா நாலு சுற்று சும்மா நடந்துக்கிட்டே இருப்பீங்க. ரொம்பக் கிட்ட நிறுத்தினா யோசிக்க ஒண்ணும் மிச்சமிருக்காது. யாரும் ஓடற ஆட்டம் இல்லாத சாதாரணச் சண்டைன்னா, மூணாவது சுற்றுக்குள்ள முதல் மோதல் வர்ற மாதிரி தூரத்தை வைங்க.

மோதலுக்குச் சுலபமான விதி: ஆளுக்கு ஒரு பகடை. குறைஞ்சவன் 5 செ.மீ. பின்வாங்கணும். வித்தியாசம் 3 அல்லது அதுக்கு மேலன்னா அவன் விழுந்தான். இதுல ஒவ்வொருத்தனுக்கும் சாவு ஆறில் ஒண்ணு. மேட்டுல நிக்கிறவனுக்கு ஒண்ணு கூட்டலாமேன்னு தோணும். கூட்டினா என்ன ஆகுதுன்னு 36 சேர்க்கையையும் எழுதிப் பாருங்க: மேலே இருக்கிறவன் கொல்ற வாய்ப்பு 10/36, கீழே இருக்கிறவனுக்கு 3/36. வெறும் 'பிளஸ் ஒன்' மூணு மடங்குக்கு மேல வித்தியாசம் பண்ணுது. மழைக்கு ஒண்ணு, வில்லுக்கு ஒண்ணு, வீரத்துக்கு ஒண்ணுன்னு கூட்டிக்கிட்டே போற விதிப்புத்தகங்களை நான் நம்பறதில்ல.

எதிரிக்கு மூளை வைக்கிறது

முதல் தடவை நீங்க வெட்சிப் பக்கம், மாடு ஓட்டறவங்க. ஊரார் உங்களுக்கு எதிரி, அவங்களை நீங்க நகர்த்தலாம் ஆனா முடிவெடுக்கக் கூடாது.

சீட்டுக்கட்டிலிருந்து ஆறு சீட்டு எடுங்க: மூணு சிவப்பு, ரெண்டு கறுப்பு, ஒரு ஜோக்கர். கலைச்சு, பார்க்காம ஊர் ஓரத்தில் கவிழ்த்து வைங்க. கூச்சல் கிளம்பினதும் ஆறும் கிட்டத்து மந்தையை நோக்கிக் கிளம்பும். உங்க ஆள் யாராவது 15 செ.மீ.க்குள்ள வந்தாத்தான் திருப்பிப் பார்க்கலாம். சிவப்புன்னா மூணு பேர். கறுப்புன்னா வெறும் புழுதி, ஆளில்ல. ஜோக்கர்னா ஒரு ஆளும் கோவிவனும். நாய்க்கு மட்டும் தனி விதி: அதுக்குப் பக்கத்துல இருக்கிற ரெண்டு கள்ளர்கள் 5 அல்லது 6 போடற வரைக்கும் நகர முடியாது. கல்லில் சொன்னபடிதான்.

கூடவே, கிளம்பும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பகடை. 1 முதல் 4 வரை நேரா துரத்தி வரும். 5 விழுந்தா ஓடைக்கரை வழியா சுத்தி வரும். 6 விழுந்தா, ஏற்கெனவே விறகு வெட்ட மலைப்பக்கம் போயிருந்தவங்க, உங்களுக்கு முன்னாடி மலை ஓரத்தில் வந்து நிப்பாங்க.

இப்ப உங்க நிலைமையைப் பாருங்க. பின்னாடி ஆறு சீட்டு வருது. தடுக்க நாலு பேரை நிறுத்தணுமா, எட்டு பேரையா? நாலு பேரை நிறுத்தி, வந்தது எல்லாம் சிவப்புன்னா அவங்க கதி அவ்வளவுதான். எட்டு பேரை நிறுத்தி, வந்தது புழுதின்னா மாட்டைப் பார்த்துக்க ஆளில்ல. சீட்டைக் கவிழ்த்து வெச்சது நீங்களேதான், ஆனா உங்களுக்கே தெரியாது. நடுவர் இல்லாத குறை இங்க தீர்ந்துடுது.

ரெண்டாவது தடவை பக்கம் மாறுங்க, நீங்க ஊரார், கரந்தைப் பக்கம். இப்ப கள்ளர்களுக்கு மூளை வேணும். சீட்டு பத்தாது, திட்டம் வேணும். மூணு திட்டம் எழுதுங்க: மூணு மந்தையும் ஒரே வழியில் போறது, பிரிஞ்சு மூணு வழியில் போறது, ஒரு மந்தையைத் தூண்டிலா விட்டுட்டு ரெண்டை மட்டும் காப்பாத்தறது. புத்தியுள்ள தலைவன் பெரும்பாலும் எதைத் தேர்ந்தெடுப்பானோ அதுக்கு 1, 2, 3. அடுத்ததுக்கு 4, 5. கிறுக்குத்தனமா தோணறதுக்கு 6. முக்கியமான விஷயம், மூணுமே நீங்களே அந்த இடத்தில் இருந்தா செய்யக்கூடியதா இருக்கணும். ஒண்ணை வேணும்னே மட்டமா எழுதினா, எதிரியை முட்டாளாக்கித் தோற்கடிச்ச மாதிரிதான். பகடையை உருட்ட வேண்டியது ஆட்டம் தொடங்கும்போது இல்ல, கள்ளர்கள் பட்டியை விட்டு வெளியே வர்ற சுற்றில். அதுக்கு முன்னாடி நீங்க உங்க ஆட்களை எங்க நிறுத்தறதுன்னு முடிவு பண்ணியிருக்கணும்.

இதுக்கும் மேல நடுவுல திட்டத்தில் இல்லாத கேள்வி வரும். 'இவன் இப்ப திரும்பி நின்னு அடிப்பானா, ஓடுவானா?' கேள்வியையும் வாய்ப்பையும் நோட்டில் எழுதிட்டுத்தான் உருட்டணும். '4 முதல் 6 வரைன்னா அடிப்பான்.' எழுதாம உருட்டினா, விழுந்த எண்ணுக்கு ஏத்த மாதிரி வாய்ப்பை மனசு மாத்திக்கும்.

ஒருத்தன் செத்தா ஆட்டத்தில் என்ன நடக்கணும்? பட்டனை எடுத்து டப்பாவில் போடறதோட முடிஞ்சிடக் கூடாது. ஓர் ஆள் இறந்ததுக்கு ஊர் கல் வெட்டி, பேர் எழுதி, ராஜாவோட வருஷம் போட்டு நட்டு வெச்சிருக்காங்கன்னா, அந்த ஊருக்கு ஓர் ஆள் எவ்வளவுன்னு யோசிங்க. அதனால என் விதி இப்படி: எந்தப் பக்கமும் மூணு பேரை இழந்தா அந்தப் பக்கம் சண்டையை விட்டுடும். கணக்குப் பார்க்கும்போது மலை ஏறின மாட்டுக்கு ஆளுக்கு ரெண்டு வீதம் கழிக்கணும். கழிச்சு 8 மிச்சம்னா வெட்சி ஜெயிச்சது, 4-க்குக் கீழன்னா கரந்தை. இந்த விதியோட ஆடினா, கடைசி வரைக்கும் வெட்டிக்கிற ஆசை தானா போயிடும். ஊராரில் யாராவது விழுந்தா அந்த இடத்தில் ஒரு சின்னக் கல்லை வெச்சுட்டு, அடுத்த ஆட்டத்துக்கும் அதை எடுக்காதீங்க. நாலஞ்சு ஆட்டம் ஆனதும் மேசையைப் பார்த்தாலே எந்த இடத்தில் சண்டை நடக்குதுன்னு தெரியும். ஓடைக்கரையில்தான் கூட்டமா இருக்கும்.

7,000-க்கு 70,000

இதே அடிவாரத்தில் பெரிய சண்டையும் ஒண்ணு நடந்தது. ஜவ்வாது மலைக்கும் தெற்கே உள்ள குன்றுகளுக்கும் நடுவில் போகிற வழிதான் செங்கம் கணவாய். இன்றைக்கு ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை வழியாகத் திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போகிறவர்கள் இதைத் தாண்டித்தான் போகிறார்கள். முதலாம் ஆங்கிலேய மைசூர்ப் போரில், 1767 செப்டம்பர் 3 அன்று, காவேரிப்பட்டணம் பக்கமிருந்து திருவண்ணாமலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் இங்கே தாக்கினார்கள். கம்பெனிப் பக்கம் ஏறக்குறைய 7,000 பேர், அதில் பெரும்பாலானோர் இந்த மண்ணிலேயே சேர்க்கப்பட்ட சிப்பாய்கள். எதிரே 70,000. தாக்குதல் முறியடிக்கப்பட்டது, ஸ்மித் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். அதே மாதம் 26-ஆம் தேதி அங்கே மறுபடி மோதினார்கள்.

ஒண்ணுக்குப் பத்து. இதை எப்படி மேசைக்குக் கொண்டு வர்றது? ஒரு அட்டைக்கு 500 பேர்னு வெச்சா கம்பெனிக்கு 14 அட்டை, எதிர்ப்பக்கம் 140. மேசையே தாங்காது. ஆனா கேள்வியே அது இல்ல. 70,000 பேரும் ஒரே நேரத்தில் ஒரு கணவாயில் சண்டை போட முடியாது. எந்த நேரத்திலும் மேசையில் கூட்டணிக்கு 20 அட்டைக்கு மேல இல்லைன்னு வைங்க. அடிபட்டுப் போன அட்டை டப்பாவுக்குப் போய் ரெண்டு சுற்று கழிச்சுப் புதுப் படையா திரும்ப வரும். கம்பெனி அட்டை போனா போனதுதான். எண்ணிக்கையில் பத்து மடங்கு இருக்கறதோட பலன் இதில் வந்துடும், மேசையும் தாங்கும்.

நோக்கம் மறுபடியும் கொல்றது இல்ல, கடந்து போறது. கம்பெனிக்கு 14 படை அட்டையோட 4 மாட்டு வண்டி அட்டை கொடுங்க, அரிசி மூட்டை. மேற்கு ஓரத்தில் நுழைஞ்சு, 12 சுற்றுக்குள்ள, அதாவது இருட்டறதுக்குள்ள, கிழக்கு ஓரத்தில் 10 படையும் 3 வண்டியும் வெளியே போகணும். ஒரு அட்டை 3 செ.மீ. நீளம்னா 18 அட்டையும் வரிசையா நின்னா 54 செ.மீ. உங்க 90 செ.மீ. மேசையில் பாதிக்கு மேல இந்த ஒரே வரிசைதான். தலை சமவெளிக்கு வரும்போது வால் இன்னும் கணவாய்க்குள்ள. இதுதான் ஸ்மித்தோட தலைவலி, உங்களோடதும். வழியை ஒட்டி ஒரு குன்றை வைங்க. அன்றைக்கும் அப்படி ஒரு குன்றுக்காகக் கடுமையான சண்டை நடந்தது. குன்றைப் பிடிக்க ஆளை அனுப்பினா வரிசை மெலியும், அனுப்பலைன்னா மேலிருந்து அடி விழும். நான் மேட்டுக்கு 'பிளஸ் ஒன்' கொடுக்கிற ஒரே இடம் இதுதான். என்ன விலை கொடுக்கிறோம்னு மேலேயே கணக்குப் போட்டாச்சு.

எதிரியோட மூளைக்கு இங்க ஒரு அருமையான வசதி இருக்கு: தலைவர்கள் ரெண்டு பேர். ஹைதர் படை ஒவ்வொரு சுற்றும் 3 அல்லது மேல விழுந்தா முன்னேறும். நிஜாம் படைக்கு 5 வேணும். நிஜாமுக்கு இந்தப் போரில் எவ்வளவு ஆர்வம்ங்கிறதுக்கு அவரே பதில் சொல்லிட்டார்: அடுத்த வருஷம் பிப்ரவரியிலேயே கம்பெனியோட தனியா ஒப்பந்தம் போட்டுக்கிட்டு விலகினார். எந்தச் சீட்டு யாருடைய படைன்னு தெரியாம கவிழ்த்து வெச்சா, இடது பக்கம் வர்ற கூட்டம் பாயுமா, நின்னு வேடிக்கை பார்க்குமான்னு உங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

இந்த ஆட்டம் ஒரே ராத்திரியில் முடியாது. கட்டில் மேல ஆடறீங்கன்னா தூங்கறதுக்கு எடம் வேணும். ஒவ்வொரு சுற்று முடிஞ்சதும் நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுங்க, அளவுகோலை மேசை ஓரத்தில் வெச்சு அதுவும் போட்டோவில் தெரியற மாதிரி. நோட்டில் சுற்று எண், உருட்டின பகடை, இன்னும் திருப்பாத சீட்டுகள் எத்தனைன்னு மூணு விஷயம் மட்டும் எழுதுங்க. திருப்பாத சீட்டுகளைக் கவிழ்த்தபடியே வரிசை மாறாம ஒரு கவரில் போட்டு ஒட்டிடுங்க. கவர் மேல ரூம்மேட்கிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டா இன்னும் நல்லது. பத்து நிமிஷம் உட்கார்றவன் இந்த அளவுக்காவது நடுவரா இருக்கட்டும்.